மூன்று திகதிகள்: பிரித்தானியா வர நினைப்பவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும்

"அண்ணை, கெயர் விசா இன்னும் திறந்திருக்கா?"

கடந்த ஆறு மாதத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கெயர் விசா என்றால் முதியோர், நோயாளரைப் பராமரிக்கும் வேலைக்கான விசா. வவுனியாவில் இருந்து கேட்டால் பதில்: இல்லை, 2025 ஜூலை 22 உடன் மூடியாச்சு. லூட்டனில், இங்கே படிப்பு முடித்தவர்களுக்குத் தரும் கிராஜுவேட் விசாவில் இருந்துகொண்டு ஒரு கெயர் ஹோமில் ஐந்து மாதமாக வேலை செய்கிற பிள்ளை கேட்டால் பதில் வேறு: உங்கள் முதலாளிக்கு ஸ்பொன்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலை விசாவில் எடுக்க அரசு தரும் அனுமதி, இருந்தால், அவரிடம் மூன்று மாதமாவது முறையாக வேலை செய்திருந்தால், 2028 ஜூலை 22 வரை மாற வழி இருக்கு. ஒரே விதி, ஒரே விசா. கேட்கிறவர் எங்கே நிற்கிறார், எந்தத் திகதியில் நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

நான் சட்டத்தரணி இல்லை. சனிக்கிழமைகளில் ஒரு சமூக மண்டபத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கடிதங்களை வாசித்து, இது என்ன கடிதம், எத்தனை நாளுக்குள் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவன். அந்த மேசையில் பதினைந்து வருடம் இருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். இங்கே உள்ள எண்களும் விதிகளும் 2025 டிசம்பர் நடுப்பகுதி நிலை. நீங்கள் வாசிக்கும் நாளில் அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு அடுத்த அடியை வையுங்கள்.

முதல் படி: செய்தியை வாசிக்கும் முறை

வாட்ஸ்அப்பில் "லண்டன் விசா எல்லாம் நிப்பாட்டிட்டாங்கள்" என்று ஒரு குரல்பதிவு வந்தால் உடனே முகவருக்கு அடிக்க வேண்டாம். ஒரு தாளில் மூன்று திகதிகளை எழுதுங்கள். அறிவித்த திகதி. அமலுக்கு வரும் திகதி. உங்கள் விண்ணப்பம் போகும் திகதி.

இந்த நாட்டில் குடிவரவு விதி மாறும் விதம் இது. முதலில் ஒரு அமைச்சர் பேசுவார். பிறகு சில வேளை வெள்ளை அறிக்கை என்று ஒன்று வரும், அது அரசாங்கத்தின் எண்ணம் மட்டுமே. அதற்குப் பிறகு விதி மாற்ற அறிக்கை ஒன்றை நாடாளுமன்றத்தில் வைப்பார்கள். அதில்தான் எந்த வரி எந்த நாளில் மாறுகிறது, ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களுக்கு என்ன என்று இருக்கும். கெயர் விசா கதையையே எடுங்கள். வெள்ளை அறிக்கை 2025 மே 12. விதி மாற்ற அறிக்கை ஜூலை 1. அமல் ஜூலை 22. மே மாதமே "மூடியாச்சு" என்று நம்பி கையில் இருந்த வாய்ப்பை விட்டவர்களும் இருக்கிறார்கள், ஓகஸ்டில் "இன்னும் இருக்கு" என்று சொன்ன முகவரிடம் காசு கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அடி.

பொதுவாக அறிக்கைக்கும் அமலுக்கும் இடையில் 21 நாள் விடுவார்கள். அதை உத்தரவாதமாக எடுக்காதீர்கள். அகதி நிலை பெற்றவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடும் குடும்ப இணைவு விண்ணப்பத்தை 2025 செப்டெம்பர் 4 அன்று நிறுத்தியபோது, அறிக்கை வைத்த அதே நாள் பின்னேரம் 3 மணிக்கே அமலுக்கு வந்துவிட்டது. அன்று காலை விண்ணப்பத்தை அனுப்பியவர் பழைய விதியில். "போட்டோ நல்லா இல்லை, நாளைக்கு எடுத்து அனுப்புவம்" என்று இருந்தவர் வெளியே.

நம்மவர்களுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. 1985இல் பிரித்தானியா ஒரு பொதுநலவாய நாட்டுக்கு முதல்முறையாக விசா கட்டாயம் ஆக்கியது இலங்கைக்குத்தான். 83க்குப் பிறகு வந்து இறங்கியவர்களைப் பார்த்துப் போட்ட விதி அது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஏறத்தாழ 60 தமிழர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றப்போனபோது, அவர்கள் ஓடுபாதையில் உடைகளைக் கழற்றி எறிந்து மறுத்தார்கள். அந்த வருடமே, சரியான ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் ஒரு ஆளுக்கு 1,000 பவுண்ட் தண்டம் என்று விமான நிறுவனங்களுக்குச் சட்டம் வந்தது. இன்றைக்கு கட்டுநாயக்காவிலும் சென்னையிலும் விமான நிறுவனப் பணியாளர் உங்கள் பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாம் படி: எந்தக் கதவு உங்களுடையது

படிப்பு, வேலை, குடும்பம், அடைக்கலம். இந்த நான்கும் நான்கு தனிக் கதவுகள். ஒன்றில் நுழைந்து மற்றதற்கு மாறலாம் என்று சொல்லித்தான் பலரைக் கொண்டு வருகிறார்கள். சில மாற்றங்கள் சட்டப்படி முடியும், சில முடியாது, முடிந்தவையும் ஒவ்வொன்றாகச் சுருங்கி வருகின்றன. இவை தவிர, 18 முதல் 30 வயதுவரை உள்ள இந்தியக் குடியுரிமை உள்ள பட்டதாரிகளுக்கு இளம் தொழில்முறையாளர் திட்டம் என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு 3,000 இடம், குலுக்கல் முறை. குலுக்கலில் பெயர் போட காசு இல்லை. 2,530 பவுண்ட் சேமிப்பு காட்ட வேண்டும், இரண்டு வருடம் இருக்கலாம், ஸ்பொன்சர் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

படிப்புக் கதவு. 2024 ஜனவரி 1 முதல் சாதாரண முதுகலைப் படிப்புக்கு வருகிறவர் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வர முடியாது. பிஎச்டி போன்ற ஆய்வுப் படிப்புக்கும் அரசு உதவித்தொகைக்கும்தான் விலக்கு. 2025 நவம்பர் 11க்குப் பிறகு விண்ணப்பிப்பவர், கல்விக் கட்டணம் போக, லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்ட், வெளியே என்றால் 1,171 பவுண்ட் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அதாவது 13,761 அல்லது 10,539. இந்தக் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். 27ஆம் நாள் மாமா "ஒரு அவசரம், இரண்டு நாளில் திருப்பித் தாறன்" என்று எடுத்தால் கணக்கு மறுபடி முதல் நாளில் இருந்து தொடங்கும். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவில் திகதிக் கணக்கு இன்னும் முக்கியம். இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம், பிஎச்டிக்கு மட்டும் மூன்று வருடம் அப்படியே இருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். 2025 செப்டெம்பரில் ஒரு வருட முதுகலை தொடங்கியவர், 2026 முடிவதற்குள் பல்கலைக்கழகம் "இவர் படிப்பை முடித்தார்" என்று அரசுக்கு அறிவித்து, விண்ணப்பத்தையும் அனுப்பிவிட்டால் இரண்டு வருடம். 2026 ஜனவரியில் தொடங்குகிறவருக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. ஒரு பாடத்தில் தவறி மறுபரீட்சை எழுதினால் முடிவு ஜனவரிக்குத் தள்ளும், அதோடு ஆறு மாதம் போச்சு. முகவர்கள் காட்டும் வண்ணப் படத்தில் இது இருக்காது.

அரச மருத்துவ சேவைக்காக விசாவோடு வாங்கும் சுகாதாரக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள். 2024 பெப்ரவரியில் இருந்து மாணவருக்கும் 18 வயதுக்குக் குறைந்தவருக்கும் வருடத்துக்கு 776 பவுண்ட், மற்றவர்களுக்கு 1,035. ஐந்து வருட வேலை விசாவில் வரும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இது மட்டும் 18,110 பவுண்ட். முழுவதையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். சுகாதார, பராமரிப்பு வேலைக்கான ஹெல்த் அண்ட் கெயர் விசாக்காரருக்கு மட்டும் இந்தக் கட்டணம் இல்லை.

வேலைக் கதவு. 2024 ஏப்ரல் 4க்கு முன், ஸ்கில்ட் வேர்க்கர் என்ற திறன் தொழிலாளர் விசாவுக்கு 26,200 பவுண்ட் சம்பளம் போதும். அன்று அது 38,700 ஆனது, 2025 ஜூலை 22இல் 41,700 ஆனது. அந்தந்தத் தொழிலுக்குரிய நடைமுறைச் சம்பளம் அதைவிடக் கூட என்றால் அதைக் கட்ட வேண்டும். தாதியர், ஆசிரியர் போன்றவர்களுக்குத் தேசியச் சம்பளப் படிநிலை வேறு. படிப்பை முடித்த புதியவர்களுக்குக் குறைந்த வரம்பு உண்டு. அதே ஜூலை நாளில் இருந்து வேலையின் தரமும் பட்ட அளவுக்கு உயர்ந்துவிட்டது. சமையற்காரர், கடை மேலாளர் போன்ற வேலைகள் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் கதவால் போய்விட்டன. 2026 ஜனவரி 8 முதல் புதிதாக விண்ணப்பிப்பவர் பி2 ஆங்கிலம் காட்ட வேண்டும், ஐஈஎல்டிஎஸ் என்றால் நான்கு பகுதியிலும் 5.5. அதற்கு முன் பி1, அதாவது 4.0 போதுமாக இருந்தது.

இதன் விளைவு எண்ணில் தெரிகிறது. முதன்மை விண்ணப்பதாரர்களுக்குக் கிடைத்த ஹெல்த் அண்ட் கெயர் விசா 2023இல் ஏறத்தாழ 1,46,000. 2024இல் ஏறத்தாழ 27,000. அந்த வருடம் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. 2024 மார்ச் 11 முதல் கெயரர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்றதும், லைசென்ஸ் கொடுப்பதை இறுக்கியதுமே இதற்குப் போதுமாக இருந்தன.

சிஓஎஸ் விற்கிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சிஓஎஸ் என்பது முதலாளி உங்களுக்குத் தரும் ஸ்பொன்சர் சான்றிதழின் எண். அதன் கட்டணத்தையும், லைசென்ஸ் செலவையும், திறன் வரி என்று அரசு வாங்குவதையும் முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் கறக்கக் கூடாது. ஆகவே "சிஓஎஸ் இருக்கு, பன்னிரண்டாயிரம் பவுண்ட்" என்று யாராவது சொன்னால் பேரம் பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் 470க்கு மேற்பட்ட கெயர் நிறுவனங்களின் லைசென்ஸ் பறிக்கப்பட்டது அல்லது நிறுத்தப்பட்டது. அவற்றோடு தொடர்புபட்ட தொழிலாளர்கள் ஏறத்தாழ 39,000 பேர்.

அவர்களில் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். நகைகளை வங்கியில் வைத்து வந்தவர். ஒரு கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறைதான் "கம்பனி". வாரத்துக்கு 39 மணி நேரம் வேலை என்று ஒப்பந்தத்தில் இருந்தது, கிடைத்தது ஆறு மணி நேரம். எட்டாம் மாதம் கம்பனியின் லைசென்ஸ் போய், 60 நாளுக்குள் புதிய ஸ்பொன்சரைத் தேட வேண்டும், இல்லாவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற கடிதம் அவருக்கு வந்தது. கடிதத்தை அவர் இரண்டு கிழமை கைப்பையில் வைத்திருந்துவிட்டுத்தான் கொண்டு வந்தார். மீதி 46 நாள். அப்போது அரசு, கெயர் நிறுவனங்கள் வெளிநாட்டில் இருந்து ஆள் எடுக்க முன் இப்படி வேலை இழந்தவர்களை முதலில் பார்க்க வேண்டும் என்று விதி கொண்டு வந்திருந்தது. அந்த விதிதான் கைகொடுத்தது. 51ஆம் நாள் புதிய சிஓஎஸ் கிடைத்தது. அந்த இரண்டு கிழமைக்கு முன்பே வந்திருந்தால் இவ்வளவு அழுதிருக்கத் தேவையில்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? லைசென்ஸ் உள்ள ஸ்பொன்சர்களின் முழுப் பட்டியலும் கவ்.யூகேயில் இலவசமாக இருக்கிறது. கம்பனிப் பெயர், ஊர், எந்த வகை விசாவுக்கு லைசென்ஸ் என்று எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாற்றிப் போலி மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். பட்டியலில் இருந்தால் மட்டும் வேலை உண்மை என்று ஆகாது, ஆனால் பட்டியலில் இல்லாவிட்டால் விசா நிச்சயம் இல்லை. பொய்யான வங்கிக் கணக்கு, பொய் அனுபவக் கடிதம் வைத்துப் பிடிபட்டால் பத்து வருடம் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கடிதத்தைத் தயாரித்த முகவருக்கு ஒன்றும் ஆகாது, பெயர் உங்களுடையது.

குடும்பக் கதவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே இருப்பவர் துணையைக் கூப்பிட 2024 ஏப்ரல் 11 முதல் வருடம் 29,000 பவுண்ட் வருமானம் வேண்டும், முன்பு 18,600. வருமானம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்ட், ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கும் முன் சம்பளச் சீட்டுகளைக் கணக்குப் பாருங்கள்.

மூன்றாம் படி: அடைக்கலம் கோருபவர்களுக்கு

இந்தப் பகுதியைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும். அடைக்கலம் கோருவதற்கென்று விசா கிடையாது. கொழும்பிலோ சென்னையிலோ இருந்து விண்ணப்பிக்க முடியாது. இங்கே வந்து இறங்கிய பிறகுதான் கேட்கலாம். சின்னப் படகில் வருவது பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது, உயிர் ஆபத்து ஒருபுறம் இருக்க, இன்றைய விதிகளும் அந்த வழிக்கு எதிராகவே போகின்றன. 2025 ஓகஸ்டில் பிரான்சுடன் ஒப்பந்தம் போட்டு, படகில் வந்தவர்களில் சிலரைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரி 10க்குப் பிறகு குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர், சட்டவிரோதமாக நுழைந்தவர் என்றால், எத்தனை வருடம் ஆனாலும் பொதுவாக மறுக்கப்படுவார்.

2021 ஒக்டோபரில் கனடாவுக்கு என்று புறப்பட்ட ஒரு படகு இந்து சமுத்திரத்தில் பழுதாகி, பிரித்தானியாவின் ஆட்சியில் இருந்த டியேகோ கார்சியா தீவில் கரை சேர்ந்தது. அதில் வந்த தமிழர்கள் மூன்று வருடத்துக்கு மேல் இராணுவத் தளத்தின் ஓரம் கூடாரங்களில் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானவர்களை இங்கே கொண்டு வந்தார்கள். அந்தத் தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. மூன்று வருடம் கழித்து வந்த நீதி.

வந்தவுடன் கேளுங்கள். விமான நிலையத்தில் கேட்கலாம், நாட்டுக்குள் வந்துவிட்டால் குரொய்டனில் உள்ள அலுவலகத்தில் நேரம் எடுத்துப் போகலாம். மாணவர் விசா முடியும்வரை காத்திருந்து கேட்டால் "ஏன் தாமதம்" என்ற கேள்வி நிச்சயம் வரும். 2024இல் அடைக்கலம் கோரியவர்களில் ஏறத்தாழ 16,000 பேர் மாணவர் விசாவில் வந்தவர்கள் என்று அரசு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, மாணவர்களுக்குக் குறுஞ்செய்தியில் எச்சரிக்கை அனுப்பியிருக்கிறது. உண்மையான காரணம் உள்ளவர் பயப்பட வேண்டாம், தாமதத்துக்கான விளக்கத்தை மட்டும் தயாராக வையுங்கள். நாட்டில் நிலைமை பிறகு மாறியிருக்கலாம், இங்கே செய்த அரசியல் வேலையால் ஆபத்து வந்திருக்கலாம்.

முதல் நேர்காணல் சின்னது. பெயர், பயண வழி, குடும்பம், திரும்பிப் போனால் என்ன பயம் என்று சுருக்கமாகக் கேட்பார்கள். சுருக்கம் என்றாலும் தலைப்புகள் எல்லாம் வர வேண்டும்: பிடித்தார்களா, எத்தனை முறை, அடித்தார்களா, இயக்கத்தில் இருந்தீர்களா, குடும்பத்தில் யாராவது இருந்தார்களா, இங்கே என்ன செய்தீர்கள். ஒன்றை அன்று சொல்லாமல் ஒரு வருடம் கழித்துச் சொன்னால், அதைப் புதிதாகச் சேர்த்த கதை என்று எழுதிவிடுவார்கள். பாலியல் கொடுமையை அன்னியர் முன் சொல்ல முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். பெண் அதிகாரியும் பெண் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் என்று கேட்க உரிமை உண்டு, ஆண்களும் தங்களுக்கு ஏற்ற பாலாரைக் கேட்கலாம்.

திகதிகள் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். நம்மவர்கள் நாட்காட்டியால் நினைவு வைப்பதில்லை. "நல்லூர் கொடியேறின கிழமை பிடிச்சவங்கள்" என்பார்கள். அதை ஒரு பதற்றத்தில் "ஓகஸ்ட் 14" என்று சொல்லிவிட்டு, பிறகு அறிக்கையில் "செப்டெம்பர்" என்று வந்தால், நம்பகத்தன்மை போச்சு. தெரியாத திகதியைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள். "நல்லூர்த் திருவிழா நேரம், அநேகமாக ஓகஸ்ட், நாள் ஞாபகம் இல்லை" என்றே சொல்லுங்கள், அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயமும் அப்படி. ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் ஒரு ஐயாவின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். "சிஐடி வீட்டுக்கு வந்து என்னோட கதைச்சவங்கள்" என்று அவர் சொன்னது, "வந்து எனக்குக் கதைகள் சொன்னார்கள்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், அவர் மேல் பிழை இல்லை, அவர் ஊரில் கதைப்பது என்றால் கதை சொல்வதுதான். "பெடியள்", "ரவுண்டப்", "காம்ப்", "இயக்கம்" எல்லாம் இப்படி வழுக்கும் சொற்கள். தொடக்கத்திலேயே இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேளுங்கள். பெரிய நேர்காணல் முடிந்ததும் பதிவின் பிரதியை எடுத்து, யாராவது நம்பிக்கையானவரை வைத்து வரிவரியாகத் தமிழில் வாசிக்கச் சொல்லி, பிழை இருந்தால் சட்டத்தரணி மூலம் உடனே எழுத்தில் திருத்துங்கள்.

எதை நிரூபிக்க வேண்டும்? 2022 ஜூன் 28க்குப் பிறகு கோரியவர்களுக்கு அளவுகோல் இறுக்கமானது. நீங்கள் சொல்லும் பின்னணியும் பயமும் உண்மையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று முதலில் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் திரும்பினால் ஆபத்து உண்டா என்று பார்ப்பார்கள். இலங்கை வழக்குகளுக்கு இரண்டு வழிகாட்டித் தீர்ப்புகள் இன்றும் அடிப்படை: 2013இல் வந்த ஜிஜே வழக்கு, 2021இல் வந்த கேகே - ஆர்எஸ் வழக்கு. தமிழர் என்பது மட்டும் போதாது. பிரிவினைக்காக முக்கியப் பங்கு வகிக்கிறார், அல்லது வகிப்பதாக இலங்கை அரசு நினைக்கிறது என்று காட்ட வேண்டும். பிடியாணை இருப்பவர் விமான நிலையத்தின் நிறுத்தப் பட்டியலில் இருப்பார் என்பதும் அங்கே ஏற்கப்பட்டது. ஓரிரு ஆர்ப்பாட்டத்தில் கொடி பிடித்து நின்ற படம் மட்டும் வழக்கைத் தூக்காது. எந்த அமைப்பு, எத்தனை வருடம், என்ன வேலை, அது வெளியே தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள். மாவீரர் நாளுக்குப் போய் செல்ஃபி எடுத்து வைத்துக்கொண்டு "கேஸ் ஸ்ட்ராங்" என்று நம்புகிற பிள்ளைகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

உடம்பில் தழும்பு இருந்தால் அதை மறைக்க வேண்டாம். ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளின் மருத்துவர்கள் பரிசோதித்து அறிக்கை எழுதுவார்கள். சட்டத்தரணி மூலம் அனுப்ப வேண்டும், காத்திருக்க வேண்டியும் வரும். சூட்டுக்கோலால் முதுகிலும் கையிலும் சுடப்பட்ட ஒரு இலங்கையரின் தழும்புகளை, அவரே ஆள் வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று கீழ் நீதிமன்றம் சொன்னது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டு, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. கேவி வழக்கு என்று சொல்வார்கள். உங்கள் சட்டத்தரணிக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

காத்திருக்கும் காலத்தில், அடைக்கலம் கோரியவர் என்று காட்டும் ஏஆர்சி அடையாளக் காட் ஒன்று தருவார்கள். கையில் காசு இல்லாவிட்டால் தங்குமிடமும், சொந்தமாகச் சமைக்கும் இடம் என்றால் வாரம் 49.18 பவுண்டும் கிடைக்கும். மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பின் இலவசத் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்கலாம். வேலை செய்ய அனுமதி உடனே இல்லை. 12 மாதம் கடந்தும், உங்கள் பிழை இல்லாமல் முடிவு வராவிட்டால், அனுமதி கேட்கலாம், அதுவும் குறிப்பிட்ட பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். தெரிந்தவர் கடையில் கையில் காசுக்கு நிற்பது வழக்கையும் கெடுக்கும், கடைக்காரரையும் கெடுக்கும்.

அகதி நிலை கிடைத்துவிட்டால் பலர் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார்கள். தனி ஆள் என்றால் அரச தங்குமிடத்தைவிட்டு வெளியேற 28 நாள்தான். அந்த வாரமே யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவிப் பண விண்ணப்பம், கவுன்சிலில் வீடற்றவர் பதிவு, வங்கிக் கணக்கு. அப்புறம், இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிக்கவோ அதில் ஊருக்குப் போகவோ வேண்டாம். அம்மா சாகக் கிடக்கிறார் என்றாலும் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

இந்தக் கதவில் இப்போது பெரிய மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் வெளியிட்ட திட்டத்தில், இனி அகதி நிலை ஐந்து வருடத்துக்குப் பதில் முப்பது மாதம், ஒவ்வொரு முறையும் மீளாய்வு, நாடு பாதுகாப்பு என்று பட்டால் திரும்பிப் போக வேண்டும், நிரந்தர வதிவிடத்துக்கு இருபது வருடம் என்று இருக்கிறது. முதல் படியில் சொன்ன தாளை எடுங்கள். நான் இதை எழுதியபோது அறிவித்த திகதி மட்டும்தான் நிரம்பியிருந்தது. இரண்டாவது கட்டத்தை விதி மாற்ற அறிக்கையைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும்.

நான்காம் படி: ஏற்கெனவே இருப்பவர்கள், நிரந்தர வதிவிடம்

"ஐந்து வருடத்தில் பிஆர்", அதாவது நிரந்தர வதிவிடம், என்று நம்பி வந்தவர்களின் நித்திரையைக் கெடுத்தது நவம்பர் 20 அன்று வந்த முன்மொழிவு. பொதுவான காத்திருப்பு பத்து வருடம், பட்டத் தரத்துக்குக் குறைந்த வேலைக்கு வந்தவர்களுக்குப் பதினைந்து. வருடம் 50,270 பவுண்டுக்கு மேல் மூன்று வருடம் சம்பாதித்தால் ஐந்து வருடம் கழியும், அரச உதவிப் பணம் எடுத்தால் கூடும். பிரித்தானியக் குடிமக்களின் துணைக்கு ஐந்து வருடமே தொடரும். ஏற்கெனவே இங்கே இருந்து, இன்னும் நிரந்தர வதிவிடம் எடுக்காதவர்களுக்கும் இது பொருந்தும் என்றுதான் முன்மொழிவு சொல்கிறது. கருத்துக் கேட்புக்கு 2026 பெப்ரவரி 12 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். 2006இல் இப்படித்தான், உயர்திறன் குடியேறிகளின் விதியை நடுவழியில் மாற்றினார்கள். அவர்கள் ஒன்றுகூடி வழக்குப் போட்டு, 2008இல் வென்றார்கள். இந்த முறையும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை.

இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஐந்து வருடம் முடிய 28 நாளுக்கு முன்பே விண்ணப்பம் அனுப்பலாம். முடியப் போகிறவர்கள், இந்த நாட்டைப் பற்றிய அறிவைச் சோதிக்கும் லைஃப் இன் தி யூகே பரீட்சையை இன்றே எழுதி வையுங்கள், 50 பவுண்ட். விண்ணப்பக் கட்டணம் 2025இல் ஆளுக்கு 3,029 பவுண்டாக இருந்தது, இன்றைய தொகையைப் பார்த்துச் சேர்த்து வையுங்கள். நாட்டைவிட்டு வெளியே போன நாட்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள், எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் போகக் கூடாது. பிளாஸ்டிக் காட்டுக்குப் பதிலாக இணையத்தில் வந்த ஈவிசா கணக்கில் உங்கள் இப்போதைய பாஸ்போட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போட்டைப் புதுப்பித்துவிட்டுக் கணக்கில் மாற்றாதவர்கள் விமான நிலையத்தில் மாட்டுகிறார்கள்.

ஐந்தாம் படி: யாரிடம் போவது

குடிவரவு ஆலோசனையை, பதிவு இல்லாத ஒருவர் தொழிலாகச் சொல்வது இந்த நாட்டில் குற்றம். ஆலோசகர்கள் குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். 2025 ஜனவரிவரை அதற்கு ஓஐஎஸ்சி என்று பெயர், கடைக் கண்ணாடியில் இன்னும் அந்தப் பழைய பெயரே ஒட்டியிருக்கும். சட்டத்தரணி என்றால், சட்டத்தரணிகளை மேற்பார்க்கும் எஸ்ஆர்ஏ அமைப்பில் பதிவு. இரண்டையும் இணையத்தில் பெயரைப் போட்டு ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். ஆலோசகர்களில் மூன்று நிலை உண்டு, முதல் நிலைக்காரர் அடைக்கல வழக்கை எடுக்க முடியாது. தமிழ்ப் பெயர்ப்பலகை, சுவரில் சாமி படம், "நான் எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்தனான்" என்ற பேச்சு, இவை பதிவு ஆகாது. அடைக்கல வழக்குக்கும் அதன் மேன்முறையீட்டுக்கும் வசதி இல்லாதவர்களுக்கு அரச சட்ட உதவி உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். யார் எழுதினாலும், அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். கேஸ் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால், நாட்டுக்குள் இருப்பவருக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள். கடிதம் அனுப்பப்பட்ட நாளில் இருந்து எண்ணுவார்கள், நீங்கள் பிரித்த நாளில் இருந்து இல்லை. ஆகவே விலாசம் மாறினால் அன்றே அறிவியுங்கள், மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். எங்கள் மேசைக்கு வரும்போது கடிதத்தோடு அது வந்த உறையையும் கொண்டு வாருங்கள். முத்திரையில் உள்ள திகதியைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.